மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க

எங்க அன்னதானக் குழுவுல காய்கறி வெட்டுற ஒரு தங்கச்சிக்கு லூப்பஸ். காலையில விரல் மடங்காது, முட்டி வீங்கிடும். "ஸ்டீராய்டு உடம்பைக் கெடுத்துடும், எண்ணெய் தேய்ச்சாப் போதும்"னு சொன்னது வேற யாருமில்லை, நாங்கதான். நம்பி மாத்திரையை நிறுத்திட்டாங்க. ரெண்டு வாரத்துல ஆஸ்பத்திரி.

இது வயசான மூட்டுத் தேய்மானம் இல்லை. உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குது. அடிப்படை மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். வலி குறைஞ்சாலும் தொடரணும், கண்ணையும் பரிசோதிச்சுக்கணும். அது போதாட்டி மெத்தோட்ரெக்சேட் கொடுப்பாங்க. வாரத்துக்கு ஒரே நாள்தான், தினமும் சாப்பிட்டா ஆபத்து. கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு ஆகவே ஆகாது. ஸ்டீராய்டை டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். ஃபேக்டரி மிஷினையே நாங்க டப்புன்னு நிறுத்த மாட்டோம்! கடையில வாங்குற வலி மாத்திரையும் கேட்காமப் போடாதீங்க, சிறுநீரகம் பாதிக்கலாம்.

விபூதி பூசலாம், எண்ணெய் தேய்க்கலாம், மாத்திரையோட சேர்த்து. வெயில் பட்டாலும் இந்த நோய் கிளம்பும். அதனால ரத ஊர்வலத்துல அவங்க நடக்கலைன்னா "பக்தி குறைஞ்சுபோச்சு"ன்னு பேசாதீங்க. சமையல்கட்டுல ரெண்டு நாற்காலி போட்டிருக்கோம். முடியாதவங்க உட்கார்ந்து வெட்டலாம்.