வெள்ளியும் வேண்டும்

நம் நாட்டுப் பெண்கள் கபடி அணியைப் பற்றிப் பேச்சு எடுத்தால், "அது நம்ம ஆட்டம், நாமதான் ஜெயிப்போம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி முடித்துவிடக் கூடாது என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்கள், தோழியரே! ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் கபடி 1990-ல் பீஜிங்கில் இடம் பெற்றது. பெண்களுக்கு அந்த இடம் கிடைத்தது 2010-ல், குவாங்சோவில்தான். இருபது ஆண்டுகள் வாசலிலேயே நிற்க வைத்தார்கள்! உள்ளே விட்டதும் நம் பெண்கள் தாய்லாந்தை 28-14 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். 2012-ல் பாட்னாவில் நடந்த முதல் உலகக் கோப்பை நமக்கே. 2014-ல் இஞ்சியோனில் ஈரானை 31-21 என்று வென்று மறுபடியும் தங்கம்.

2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் அதே ஈரான் 27, இந்தியா 24. நமக்கு வெள்ளி. நாடே தலையில் கை வைத்துக்கொண்டது. அந்த ஈரான் அணியைப் பயிற்றுவித்தவர் யார் தெரியுமா? மகாராஷ்டிரத்தின் நாசிக் நகரைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்ற நம் நாட்டுப் பெண்மணி! "சொந்த நாட்டைத் தோற்கடிக்கலாமா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு டீச்சர் தன்னிடம் வந்த மாணவிகளுக்கு முழு மனதோடு கற்றுக் கொடுத்தார். வேறென்ன செய்திருக்க வேண்டும்? பாதிப் பாடத்தை மறைத்துவிட்டுச் சம்பளம் வாங்க வேண்டுமா?

அந்தத் தோல்வி ஆட்டத்துக்கு நல்லதே செய்தது என்பேன். ஒருவரே ஜெயிக்கும் ஆட்டம் என்ன ஆகும் என்பதற்குக் கோர்ஃப்பால் என்ற ஆட்டத்தைப் பாருங்கள். ஹாலந்தில் நிக்கோ புரூக்ஹெய்சன் என்ற பள்ளி ஆசிரியர் 1902-ல் அமைத்த ஆட்டம் இது. மூன்றரை மீட்டர் உயரக் கம்பத்தில் கூடை, ஓர் அணியில் நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். அண்ணன் தங்கை ஒரே அணியில் ஆடலாம்! கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் 1978 முதல் 2023 வரை நடந்த உலகப் போட்டிகளில் 1991-ல் மட்டும் பெல்ஜியம் வென்றது, மற்றதெல்லாம் ஹாலந்துதான். நம் நாட்டிலும் அதற்கு ஓர் அணி இருக்கிறது, எத்தனை பேர் அறிவோம்? 1920, 1928 ஒலிம்பிக்கில் அதை ஆடிக் காட்டினார்கள். பதக்கம் தரும் ஆட்டமாக அது சேரவேயில்லை. கபடியையும் 1936-ல் பெர்லினில் ஆடிக் காட்டினார்கள், நிலைமை அதேதான். காரணங்கள் பல இருக்கலாம். ஆனாலும், முடிவு முன்னமே தெரிந்த ஆட்டத்தை ஊரார் எத்தனை நாள் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்ததை நினைத்தால் இன்னும் மெய் சிலிர்க்கிறது. முதல் ஆட்டத்திலேயே தைவான் பெண்கள் நம்மை 34-34 என்று சமனில் நிறுத்திவிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அவர்களே எதிரில். 26-25! ஒரே ஒரு புள்ளி! அந்தப் போட்டிகளில் இந்தியாவின் நூறாவது பதக்கமும் அதுவே. 2010-ல் பதினான்கு புள்ளி வித்தியாசத்தில் வாங்கிய தங்கத்தைவிட இந்த ஒரு புள்ளித் தங்கம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2025-ல் டாக்காவில் நடந்த உலகக் கோப்பையிலும் இறுதிவரை வந்தது தைவான்தான்; 35-28 என்று வென்றோம்.

இனிப் பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. அறுப்பு முடிந்த வயலில் பையன்கள் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுவதைத் தடுக்கும் வீடு நம் பக்கத்தில் உண்டா? கபடிக்குப் பேர்போன வடுவூரின் அபினேஷ் 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற ஆண்கள் அணியில் ஆடினார். அதே போட்டியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடிய பெண்கள் அணி, ஈரானை 75-21 என்று வென்றது. இரண்டும் தங்கந்தான். ஆனால் நம் பகுதியில் எட்டாம் வகுப்பு வரை பாடிப் போய் நான்கு பேரைத் தொட்டுவிட்டு வரும் பெண், ஒன்பதாம் வகுப்பில் மைதானத்தின் ஓரத்தில் புத்தகப்பையோடு நிற்கிறாள். "வயசுக்கு வந்த பிள்ளை, டிரவுசர் போட்டுக்கிட்டு என்ன ஆட்டம்?" என்பது வீட்டுத் தீர்ப்பு.

உடைதான் தடை என்றால், ஜகார்த்தாவில் வென்ற ஈரான் பெண்கள் தலையை மூடி, முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை உடையும் அணிந்துதான் ஆடினார்கள். அவர்கள் கையில் தங்கம் சேராமல் போய்விட்டதா? நம் ஊர்ப் பெரிய கோயில் கதையை இங்கே இழுப்பதற்கு மதர் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். தாடகை என்ற பெண் மாலை சாத்தக் கையை உயர்த்தியபோது ஆடை நெகிழ்ந்தது. மாலையையும் விட முடியாமல், ஆடையையும் விட முடியாமல் அவள் தவிக்க, சிவலிங்கமே தலை சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டது என்பார்கள். "நீ வீட்டுக்குப் போ" என்று அவளிடம் யாரும் சொன்னதாகக் கதையில் இல்லை!

பந்தநல்லூரிலிருந்தும் அணைக்கரையிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குப் பஸ் ஒரு பெரிய கவலை, அதை மறுக்கவில்லை. எல்லா நாளும் வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம், அடுத்த பஸ் வரும்வரை எங்களை மைதானத்தில் விடுங்கள். வட்டாரப் போட்டியில் தோற்றுவிட்டு, முழங்கால் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்தால், "இதுக்குத்தானா போனே?" என்று கேட்காமல், "எத்தனை பாயிண்ட்ல தோத்தீங்க?" என்று கேளுங்கள்.

— மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவி