அரைமணி நேரத் தூரம்

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் ஊருக்கு வர ஆயத்தமாகிறார். தாய்வழி யாழ்ப்பாணம், தந்தைவழி திருகோணமலை. "பலாலியிலிருந்து சீனன்குடாவுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று கேட்டு எழுதியிருந்தார். கேள்வி எளிது, விடை அவ்வளவு எளிதன்று.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இரு ஓடுபாதைகளுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர். ஏ.ரி.ஆர். 72 ரக விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கக்கூடியது. ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் சுமார் 35 நிமிடங்கள். கரையோரமாகச் செல்வதானால் கொக்கிளாய்க் களப்பு குறுக்கே கிடக்கிறது. வவுனியாவைச் சுற்றும் தரைவழியோ ஏறத்தாழ 230 கிலோமீற்றர்; பேருந்தில் அரைநாள் கழிந்துவிடும்.

ஆனால் எங்கள் தலைமுறை இந்தத் தூரத்தைக் கிலோமீற்றரால் அளந்ததில்லை. இரு தளங்களும் பிரித்தானியர் தம் போர்த் தேவைக்குப் பயன்படுத்தியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடாவும் இலக்கானது. பின்னர் எங்கள் போர் வந்தது. தரைப்பாதை மூடிய 1990களில் யாழ்ப்பாணத்தவர் அனுமதிக்குக் காத்திருந்து, கப்பலேறித் திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கினர். வான்வழியும் அச்சத்தின் வழியாகவே இருந்தது. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். அந்நாட்களில் யாழ்ப்பாணமும் திருகோணமலையும் ஒரே வடக்குக் கிழக்கு மாகாணம். தலைமைச் செயலகம் திருகோணமலையில். சொந்த மாகாணத் தலைநகருக்குச் செல்லக் கடல் கடக்க வேண்டியிருந்த விந்தையை வேறெங்கு கண்டீர்கள்? 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபர் 16இல், மாகாண இணைப்புச் செல்லாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2019 ஒக்ரோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. இன்று அங்கிருந்து சுமார் 355 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சென்னைக்குப் பறக்கலாம். அதில் பாதித் தூரத்திலுள்ள திருகோணமலைக்கு நிலையான சேவையொன்று வேரூன்றியதேயில்லை. சென்னை செல்ல விரும்பும் திருகோணமலைவாசி கட்டுநாயக்காவையே நாடுகிறார்.

பயணிகள் போதுமானோர் இருப்பார்களா என்று கேட்பது நியாயமே. நூறு ஆசனங்கள் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர் செல்லும் சிறு விமானம் போதும். பலாலி, சீனன்குடா, மட்டக்களப்பு என மூன்றையும் தொடுத்து, சென்னை விமானத்தின் நேரத்துக்கு இசைய வாரம் சில நாட்கள் பறக்கவிட்டுப் பார்க்கலாம். முதலில் மட்டும் அரசு ஓரளவு கைகொடுக்க வேண்டியிருக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பேருந்துக் கட்டணத்துக்கே கணக்குப் பார்க்கும் மீனவருக்கு இந்த விமானம் உதவாது. அவருக்கு நல்ல வீதியும் நேரத்துக்குப் புறப்படும் பேருந்துமே தேவை. அவை முதலிடம் பெறட்டும். எனினும், அவசர நோயாளிக்கும், குறுகிய விடுமுறையில் வரும் பிள்ளைக்கும் நான்கு மணித்தியாலம் மிச்சமாவது சிறிய விடயமன்று.

சீனன்குடா இன்றும் விமானப்படைத் தளமே. பயணி படைமுகாமுக்குள் நுழைகின்ற உணர்வின்றி விமானமேற வேண்டும். இல்லையேல் 35 நிமிடப் பயணமும் அரைநாளாகிவிடும்.

நண்பருக்கு இவ்வாறு பதில் எழுதினேன்: "பறப்பதற்கு அரைமணி நேரம். இப்போதைக்கு, வவுனியா வழியாக வாருங்கள்."