நெஞ்சறியாப் பொய்

நெஞ்சறிந்து பொய் சொல்லுதல் ஆகாது என்பது நாம் இளமை முதல் கேட்டுவரும் அறம். ஆனால், சொல்பவனுடைய நெஞ்சே அறியாத பொய் ஒன்றும் உண்டு. "எனக்கு நன்றாக நினைவிருக்கிறது", "என் கண்ணாலேயே கண்டேன்" என்று ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டால், வழக்கு முடிந்தது என்று நாம் கொள்கிறோம். பின்னர் அது தவறென்று தெரிந்தாலோ, சொன்னவரைப் பொய்யர் என்று தூற்றுகிறோம். இரண்டும் பிழை என்பது என் கருத்து. நினைவு ஒரு சாட்சி. அது நீதிபதி அன்று.

நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த ஓலைபோல என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். வேண்டும்போது எடுத்துப் படித்துக்கொள்ளலாம். எழுத்து மாறாது என்பது நம் நம்பிக்கை. உளநூலார் கண்டது வேறு. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகப் பேராசிரியர் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில் ஓர் ஆராய்ச்சியை விளக்கினார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கிலேயர் சிலரிடம் படிக்கக் கொடுத்தார். நாள் கழித்துத் திரும்பச் சொல்லுமாறு கேட்டார். கதையில் இருந்த தோணி படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன் பிடித்தலாயிற்று. விளங்காத பகுதிகள் நழுவிப் போயின. ஏமாற்றும் எண்ணம் அவர்களுள் எவருக்கும் இல்லை. தமக்குப் பழகிய உலகத்திற்கு ஏற்பக் கதையைத் தம்மை அறியாமலே திருத்திக்கொண்டார்கள். நினைத்தல் என்பது எடுத்துப் பார்த்தல் அன்று; ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுதல். செங்கற்கள் சில பழையவை. இடையில் பூசும் சாந்து நம்முடையது.

அந்தச் சாந்தைப் பிறரும் குழைத்துத் தரலாம். 1974-இல் எலிசபெத் லாப்டஸ், ஜான் பால்மர் என்னும் இருவர் அமெரிக்க மாணவர்களுக்கு மோட்டார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். "வண்டிகள் மோதி நொறுங்கியபோது வேகம் என்ன?" என்று 50 பேரைக் கேட்டார்கள், "இடித்துக்கொண்டபோது வேகம் என்ன?" என்று வேறு 50 பேரைக் கேட்டார்கள். ஒரு வாரம் சென்றபின், "உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா?" என்றார்கள். முதற் குழுவில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். இரண்டாம் குழுவில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! கேள்வியில் ஒரு சொல் மாறியது; கண்ட காட்சியும் மாறிவிட்டது.

"பெரிய நிகழ்ச்சிகள் மறக்குமா?" என்று கேட்கலாம். 1986 ஜனவரி 28-இல் சாலஞ்சர் விண்வெளி ஓடம் சிதறி எழுவர் மாண்டனர். அச்செய்தியை எங்கே, யாரிடம் கேட்டீர்கள் என்று எமரி பல்கலைக் கழக மாணவர்களிடம் மறுநாளே எழுதி வாங்கினார் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களுள் 44 பேரை மீண்டும் கேட்டார். நால்வருள் ஒருவர் சொன்னது முற்றும் தவறு. வகுப்பில் கேட்டதாக அன்று எழுதிய மாணவி, விடுதி அறையில் தோழியோடு தொலைக்காட்சியில் கண்டதாகப் பின்னர் சொன்னார். தவறாகச் சொன்னவர்களுள் பலர் பெரிதும் உறுதியோடு சொன்னார்கள். தம் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு மீளவில்லை. நினைவின் தெளிவும் சொல்லின் உறுதியும் உண்மைக்கு அளவுகோல் அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஊரை விட்டுப் பல நூறு கல் தொலைவில் வாழும் நமக்கு இது புதிதன்று. இரவில் கூடி ஊர்க்கதை பேசுகிறோம். அண்ணனுக்கு நேர்ந்தது, பலமுறை கேட்டதால் நமக்கே நேர்ந்ததாகி விடுகிறது. சிறிய ஆறு பேராறு ஆகிறது. செய்தி மனத்தில் நிற்கிறது. அது வந்த வழி மறந்துபோகிறது. இதனால் எவருக்கும் கேடில்லை.

ஆனால் பிறர் வாழ்வு நம் சொல்லில் தொங்கும்போது? 1984-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் கொடுமைக்கு உள்ளான மாணவி ஒருவர், அந்தக் கயவனின் முகத்தை மறவாதிருக்க உறுதி பூண்டார். பிறகு ரொனால்டு காட்டன் என்பவரை அடையாளம் காட்டினார். 1987-இல் மறு விசாரணையில் உண்மைக் குற்றவாளியையே எதிரில் நிறுத்தியபோதும், "இவனை நான் கண்டதில்லை" என்றார். 1995-இல் மரபணுச் சோதனை காட்டனைக் குற்றமற்றவர் என்று காட்டியது. அதற்குள் பத்தாண்டுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது. அந்த மாணவி பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் அஞ்சத்தக்கது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். துன்புற்றவரின் வாயை அடைக்க இந்த ஆராய்ச்சிகளைக் கருவியாக்குவது கயமை. நினைவு தவறக்கூடும் என்பது வேறு. இவர் நினைவு தவறு என்பது வேறு. பின்னதற்குத் தனிச் சான்று வேண்டும். அக்கொடுமை நடந்தது உண்மை. முகம் மட்டுமே மாறியது.

வழி என்ன? நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு, நிகழ்ச்சி நடந்தபோதோ நினைவு மங்குமுன் உடனேயோ எழுதிய குறிப்பைப் பார்த்துச் சாட்சி தன் நினைவைப் புதுப்பித்துக்கொள்ள இடம் தந்தது. 2024 ஜூலையில் அதன் இடத்திற்கு வந்த புதிய சட்டமும் இதனைக் கைவிடவில்லை. நாட்பட்ட நினைவைவிட அன்றைய எழுத்து மேல் என்பதை அச்சட்டம் செய்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

விடுதிப் பூசல்களில் நான் காண்பதோ வேறு. இரண்டு நாள் அறைக்கு அறை பேசி, எல்லோரும் ஒரே கதையைக் கற்றுக்கொண்ட பிறகே விசாரணை தொடங்குகிறது. "அவன்தானே முதலில் கை ஓங்கினான்?" என்று கேள்வியே விடையையும் சொல்லிக் கொடுக்கிறது. பத்துப் பேர் ஒரே குரலில் சொல்வதைப் பத்துச் சான்று என்று எண்ணுகிறோம். அது ஒரு சான்றின் பத்து எதிரொலியாகவும் இருக்கலாம்.

நண்பர்களே, நான் வேண்டுவது பெரிதன்று. கண்டதை அன்றிரவே, பிறரோடு பேசுமுன், தனித்தனியே எழுதி வையுங்கள். கேட்பவர், "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்கட்டும். கண்டது எது, கேட்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லப் பழகுங்கள். ஒரு தோழனுடைய படிப்பும் பெயரும் நம் நாவில் இருக்கும்போது, "இவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லி நிறுத்துவது கோழைத்தனம் அன்று, அதுவே வாய்மை.