வரைபடத்தில் நாம் எங்கே?



நம் தோட்டத்து ஆபீசுகளில், கிராணி மேசைக்கு மேலே பழைய தோட்ட வரைபடம் ஒன்று இன்னமும் தொங்கக் காணலாம். சம்பளக் கணக்குக் கேட்க வரும்போது சற்று நின்று அதைப் பாருங்கள். ஒவ்வொரு காட்டுக்கும் எண் உண்டு. மரம் நட்ட ஆண்டு உண்டு, ஏக்கர் உண்டு, கன்றின் இனமும் உண்டு. மேட்டிலே துரை பங்களா பெயரோடு நிற்கும். பள்ளத்திலே வரிசையாகச் சில சிறு கட்டங்கள் இருக்கும். அவைதாம் நம் லயங்கள்! எந்த ஆண்டில் குடியேறினோம், எத்தனை தலைமுறை வாழ்ந்தோம் என்ற விவரம் அங்கே இராது. மரத்துக்கு வயது எழுதியவர்கள் மனிதனுக்கு எழுதவில்லை.

இது கைமறதி அன்று. வேலை உள்ளவரை வீடு, வேலை போனால் வீடும் போகும் என்பதே தோட்டத்து ஏற்பாடு. அப்படிக் குடியிருப்பவனுக்கு வரைபடத்தில் பெயர் எதற்கு என்று முதலாளி நினைத்தான்.

சிலாங்கூரில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தோட்டம் அது. ‘பெரிய போர்’ என்று தங்கள் போரையே மலாய் மொழியில் அதற்குப் பெயராக வைத்தார்கள். அங்கே உருவான பி.பி. 86 என்ற ரப்பர் இனம் கடல் கடந்தும் நடப்பட்டது. அந்தத் தோட்டத்தின் முதலெழுத்துக்களே அந்த ‘பி.பி.’! துரைமார் போருக்குப் பெயர் நிலைத்தது. மரத்துக்கும் பெயர் நிலைத்தது. விடியுமுன் எழுந்து அந்த மரத்தைச் சீவிய குடும்பங்களின் பெயர்?

1990-களில் அந்த மண்ணிலே புத்ராஜெயா எழுந்தது. பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டத்து மக்கள் டிங்கில் பக்கம், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் பெயர்ந்தார்கள். இன்றைய வரைபடத்தில் ஏரியும் பாலமும் அமைச்சுகளும் இருக்கின்றன. லயம் இருந்த இடத்தைத் தேடினால் ஒரு புள்ளியும் கிடைக்காது.

சட்டமும் நமக்குத் துணையில்லை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் மட்டும் மண் சொந்தமாகிவிடாது. நம் பாட்டன் கட்டிய கோயிலையும், தோட்டம் கைமாறிய பின் ‘அனுமதியில்லாக் கட்டடம்’ என்று சொல்லிவிட முடிகிறது.

ஆகவே, மிஞ்சியிருக்கும் தோட்டங்களிலே ஒவ்வொரு கமிட்டியும் தன் வரைபடத்தைத் தானே வரையட்டும். லயம், கோயில், பள்ளி, இடுகாடு, கிணறு, பிரட்டுக் களம் ஆகியவை எங்கே இருக்கின்றன, எந்த ஆண்டு முதல் இருக்கின்றன, எந்த வீட்டில் எந்தக் குடும்பம் வாழ்ந்தது என்று முதியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் காலம் போனால் கேட்க ஆளிராது. இந்தப் படம் பட்டா ஆகாது, உண்மைதான். ஆனால் வீட்டுடைமை கேட்டுப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது வெறுங்கையோடு உட்கார வேண்டியதில்லை.

என்னைப் போன்ற கிராணிமாருக்கு ஒரு வார்த்தை: அளவுகோலும் பென்சிலும் நம் மேசையில் இருக்கின்றன. துரைக்காக எத்தனையோ ஆண்டு கணக்கெழுதினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மக்களுக்காக எழுதுவோம்!