பார்த்தாலே தெரிகிறதே, பிறகெதற்கு நிரூபணம்?

"இரு முக்கோணங்களும் சர்வசமம் என நிரூபி." கேள்வித்தாளில் இந்த வரியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்காத மாணவர்கள் குறைவு. கேள்வியோடு படமும் இருக்கும். படத்தில் இரண்டு முக்கோணங்களும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அப்புறம் எதற்கு அரைப் பக்கம் எழுதி நிரூபிக்க வேண்டும்? "பார்த்தாலே தெரியுதே சார்!" என்று யாராவது கேட்டுவிட்டால், "கேட்டதுக்குப் பதில் எழுது, போதும்" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில்.

என்னைக் கேட்டால் அந்த மாணவனின் கேள்வி சரி. அவனுக்குக் கிடைத்த பதில்தான் தப்பு.

சர்வசம நிரூபணங்களைப் பாடத்திலிருந்து தூக்கிவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நேர் எதிராகத்தான் சொல்கிறேன். பள்ளியில் நாம் படிக்கும் பெரும்பாலான விஷயங்கள் "நான் சொல்கிறேன், நம்பு" வகைதான். உப்பின் வாய்ப்பாடு ஆகட்டும், பானிப்பட்டுப் போர் நடந்த ஆண்டு ஆகட்டும், நம்பித்தான் எழுதுகிறோம். "ஆசிரியர் சொன்னாலும் நம்பாதே, உன் கண்ணே சொன்னாலும் நம்பாதே, காரணம் கேள்" என்று ஒரு பாடம் சொல்லும் அபூர்வமான இடம் இந்த முக்கோணங்கள். அந்த இடத்தையும் மனப்பாடப் பகுதியாக ஆக்கிவிட்டோமே என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, மறந்துபோனவர்களுக்காக ஒரு சின்ன நினைவூட்டல். ஒரு முக்கோணத்தில் மொத்தம் ஆறு அளவுகள்: மூன்று பக்கம், மூன்று கோணம். இரண்டு முக்கோணங்களில் ஆறும் முறையே சமமாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும். அதுதான் சர்வசமம். ஆனால் ஆறையும் சோதிக்கத் தேவையில்லை, சரியான மூன்றைச் சோதித்தால் போதும் என்பதுதான் இந்தப் பாடத்தின் சாரம். ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செங்கோண முக்கோணத்துக்கு மட்டும் செ-க-ப. (ப என்றால் பக்கம், கோ என்றால் கோணம், செ-க-ப என்றால் செங்கோணம், கர்ணம், பக்கம்.)

இதில் "சரியான மூன்று" என்ற இடத்தில்தான் எல்லாச் சுவாரஸ்யமும் இருக்கிறது. வகுப்பில் அவசரமாகக் கடந்துபோவதும் அதைத்தான்.

ஒரு உதாரணம் பாருங்கள். ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 8, 12, 18 செ.மீ. இன்னொன்றின் பக்கங்கள் 12, 18, 27 செ.மீ. இரண்டாவது முதலாவதைப் போல ஒன்றரை மடங்கு. அதனால் மூன்று கோணங்களும் சமம். பக்கங்களிலும் 12, 18 என்று இரண்டு சமம். ஆக, ஆறில் ஐந்து அளவுகள் சமம்! ஆனாலும் இரண்டும் சர்வசமம் இல்லை. "மூன்று சமமானால் போதும்" என்று மனப்பாடம் செய்தவன் இங்கே விழுந்துவிடுவான். சமமான அளவுகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று பார்க்கக் கற்றவன் விழமாட்டான்.

இன்னொன்றை நீங்களே கவராயத்தை எடுத்து வரைந்து பார்க்கலாம். 30 பாகையில் ஒரு கோணம் வரையுங்கள். அதன் ஒரு கரத்தில் 10 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியில் கவராயத்தை ஊன்றி 6 செ.மீ. ஆரத்தில் வில் போடுங்கள். வில் எதிர்க் கரத்தை இரண்டு இடங்களில் வெட்டும். ஒரு முக்கோணத்தின் மூன்றாவது பக்கம் சுமார் 5.3 செ.மீ., மற்றதில் சுமார் 12 செ.மீ. இரண்டு பக்கமும் ஒரு கோணமும் சமம், முக்கோணங்களோ வேறு வேறு. ப-கோ-ப செல்லும், ப-ப-கோ செல்லாது என்பதன் காரணம் இந்த ஒரு வில்லில் இருக்கிறது. பத்து நிமிட வேலை. இதை ஒருமுறை கையால் வரைந்த பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

"இதெல்லாம் வாழ்க்கையில் எங்கே பயன்படப் போகிறது?" என்ற கேள்வி அடுத்து வரும் என்று தெரியும். சர்வசம விதி என்பது உண்மையில் "எவ்வளவு தகவல் இருந்தால் ஒரு வடிவம் தீர்மானமாகிவிடும்?" என்ற கேள்விக்கான விடை. ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முடிவாகிவிட்டது, வேறு எப்படியும் இருக்க முடியாது. இதுதான் கோ-ப-கோ. கடலில் நிற்கும் கப்பலின் தூரத்தைத் தேல்ஸ் கண்டுபிடித்த முறைக்கு இதுவே அடிப்படை என்று பழைய கிரேக்க உரையாசிரியர் ப்ரோக்ளஸ் எழுதிவைத்திருக்கிறார்.

கிரேக்கம் வரை கூடப் போக வேண்டாம். 1802-இல் நம் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டைத் தரையில் சங்கிலி போட்டு அளந்தார். அந்தக் கோட்டை ஒரு பக்கமாக வைத்து, இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் தெரியும் ஒரு புள்ளியைப் பார்த்துக் கோணம் எடுத்தால் ஒரு முக்கோணம் தீர்மானமாகிவிடும். மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிட்டு எடுக்கலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது... இப்படி முக்கோணம் முக்கோணமாகக் கோத்துத்தான் இந்தியாவின் நில அளவையே இமயமலை வரை போனது. கோ-ப-கோ பொய்யாக இருந்தால் அந்த வேலை மொத்தமும் வீண்.

ஆனால் பயன்பாட்டைவிட முக்கியமானது வேறொன்று: படத்தை நம்பினால் என்ன ஆகும் என்பது. ரௌஸ் பால் 1892-இல் வெளியிட்ட கணிதப் பொழுதுபோக்கு நூலில் ஒரு வேடிக்கையான "நிரூபணம்" உண்டு. எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே என்று அது நிரூபிக்கிறது!

கசட என்று ஏதோ ஒரு முக்கோணம். க-விலுள்ள கோணத்தின் இருசமவெட்டியையும், சட பக்கத்தின் மையக்குத்துக்கோட்டையும் வரையுங்கள். இரண்டும் சந்திக்கும் இடம் ம. அது முக்கோணத்துக்கு உள்ளே இருப்பதாகப் படம் போட்டுக்கொள்ளுங்கள். ம-விலிருந்து கச பக்கத்துக்கு மப, கட பக்கத்துக்கு மய என்று செங்குத்துகள் போடுங்கள். கமப, கமய முக்கோணங்களில் இரண்டு கோணங்கள் சமம், கம பொதுப் பக்கம். ஆகவே அவை சர்வசமம், கப = கய, மப = மய. மையக்குத்துக்கோட்டில் இருப்பதால் மச = மட. இப்போது செ-க-ப விதிப்படி மபச, மயட முக்கோணங்களும் சர்வசமம். ஆகவே பச = யட. கூட்டினால் கச = கட. முடிந்தது!

ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. விதிகள் சரியாகவே பயன்பட்டிருக்கின்றன. எங்கே தப்பு? படத்தில்! கச-வும் கட-வும் சமமில்லாதபோது ம எப்போதும் முக்கோணத்துக்கு வெளியேதான் விழும். பக்கங்கள் கச = 8, கட = 4, சட = 6 என்று வைத்து ஒழுங்காக வரைந்து பாருங்கள். கப, கய இரண்டுமே 6 தான். ஆனால் ப என்ற புள்ளி கச பக்கத்தின் மேலேயே விழ, ய என்ற புள்ளி கட-வைத் தாண்டி நீட்டிய கோட்டில் விழுகிறது. ஆக 8 = 6 + 2, 4 = 6 - 2. ஒரு பக்கம் கூட்டல், மறு பக்கம் கழித்தல். நாமோ படத்தைப் பார்த்து இரண்டிலும் கூட்டிவிட்டோம்.

"பார்த்தாலே தெரியுதே" என்று கேட்ட பையனுக்குக் காட்டவேண்டிய பதில் இது. கண் ஏமாறும் தம்பி, அதனால்தான் காரணம் கேட்கிறோம்.

இனி நடைமுறைக்கு வருவோம். நான் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டே மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். அவர்களில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன் தேர்வுத்தாளைக் கொண்டுவந்தான். "அக்கா, இதுக்கு ஏன் மார்க் போடல?" என்றான். இருசமபக்க முக்கோணத்தில் அடிக்கோணங்கள் சமம் என்று நிரூபிக்கும் கேள்வி. புத்தகத்தில் உச்சிக் கோணத்தை இருசமமாக வெட்டும் ஒரு கோடு வரைந்து, கிடைக்கும் இரண்டு முக்கோணங்கள் சர்வசமம் என்று காட்டியிருப்பார்கள். இவன் கோடே வரையவில்லை. கசட-வையும் கடச-வையும் ஒப்பிட்டிருந்தான். கச = கட, கட = கச, நடுவில் க பொது. ப-கோ-ப. ஆகவே ச, ட கோணங்கள் சமம். அவ்வளவுதான், நாலு வரி.

"எப்படிடா தோணுச்சு?" என்றேன். "கண்ணாடியில பார்த்தா இடது வலது மாறும், ஆனா முக்கோணம் அதேதானே அக்கா?" என்றான்.

அவனுக்குத் தெரியாது, ஆனால் இது நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸின் நிரூபணம். யூக்ளிட் கொடுத்த நிரூபணம் இதைவிட நீளம். மாணவர்கள் அதில் திணறியதால் ஐரோப்பாவில் அந்தத் தேற்றத்துக்குக் "கழுதைப் பாலம்" என்றே பெயர். அந்தப் பாலத்தை ஒரே தாவலில் தாண்டிய பையனின் தாளில் சிவப்பு மையில் இருந்தது என்ன தெரியுமா? "அமைப்பு எங்கே?" அவன் வீட்டில் சொன்ன அறிவுரை: "புக்ல இருக்கறத அப்படியே எழுது." அடுத்த தேர்வில் அப்படியே எழுதினான். முழு மதிப்பெண் வாங்கினான். கண்ணாடியைப் பற்றி அவன் பேசுவதில்லை.

ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மேசையில் குவிந்த விடைத்தாள், கையில் விடைக்குறிப்பு, மறுநாள் மதிப்பெண் பட்டியல் கொடுக்க வேண்டும். தரவு, நிரூபிக்க வேண்டியது, படம், அமைப்பு, நிரூபணம் என்று தலைப்புக்குத் தலைப்பு மதிப்பெண் பிரித்துக் கொடுத்திருக்கும்போது, புதிதாக ஒன்றைப் படித்து யோசிக்க யாருக்கு நேரம்? மாணவர்களுக்கும் இதுதான் வசதி. தேற்றத்தை டப்பா அடித்துவிட்டால் அந்த மதிப்பெண் நிச்சயம். யோசித்து எழுதுவதில் அந்த நிச்சயம் இல்லையே.

முக்கோணத்தையே பள்ளியிலிருந்து விரட்ட வேண்டும் என்று சொன்ன பெரிய மனிதர்களும் உண்டு. 1959-இல் ரோயமோன் என்ற இடத்தில் நடந்த கருத்தரங்கில் பிரெஞ்சுக் கணித மேதை ழான் டியுடோனே "யூக்ளிட் ஒழிய வேண்டும்" என்று முழங்கினார். நவீன கணிதத்துக்குப் போக இந்தப் பழைய முக்கோண வித்தைகள் தேவையில்லை என்பது அவர் வாதம். கணித ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பள்ளியில் படிக்கும் பெரும்பாலானோர் ஆராய்ச்சிக்குப் போவதில்லை. கடைக்கும் வங்கிக்கும் வாக்குச்சாவடிக்கும்தான் போகிறார்கள். "இது எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம் அங்கேதான் தேவை. வாட்ஸப்பில் வரும் படத்தைப் பார்த்தவுடன் நம்பி நாலு பேருக்கு அனுப்பும் காலத்தில், படத்தை நம்பாதே என்று கற்றுக்கொடுக்கும் பாடத்தை வீணடிக்கலாமா?

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது மூன்று.

முதலாவது, பொய்யான கூற்றுகளையும் கேள்வியாகக் கொடுக்க வேண்டும். "மூன்று கோணங்கள் சமமானால் சர்வசமம். சரியா? இல்லையென்றால் மாற்று உதாரணம் வரை." உடைக்கத் தெரிந்தவனுக்குத்தான் உடையாதது எது என்று புரியும்.

இரண்டாவது, எதை நிரூபிக்காமல் ஏற்கிறோம் என்று பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். யூக்ளிட் ப-கோ-ப விதியை நிரூபிக்க ஒரு முக்கோணத்தைத் தூக்கி மற்றதன் மேல் வைத்தார். இப்படித் தூக்கி வைப்பதெல்லாம் நிரூபணமா என்று 1557-லேயே பெலத்தியே என்ற பிரெஞ்சுக்காரர் ஆட்சேபித்தார். 1899-இல் ஹில்பர்ட் வடிவியலுக்கு அஸ்திவாரம் போட்டபோது ப-கோ-ப-வின் சாரத்தை நிரூபிக்காமலே அடிப்படை உண்மையாக எடுத்துக்கொண்டார். 2006-இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகமும் அதையே செய்தது. ப-கோ-ப-வை ஏற்றுக்கொண்டு கோ-ப-கோ-வை அதிலிருந்து நிரூபித்தது. எங்கேயோ ஒரு இடத்தில் நம்பித்தான் தொடங்க வேண்டும், ஆனால் எங்கே என்று தெரிந்து நம்ப வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் நாலு விதிகளையும் மந்திரம் மாதிரி ஒப்பிக்க விடுவதில் என்ன லாபம்?

மூன்றாவது, சரியான எந்த நிரூபணத்துக்கும் முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பின் முதல் வரியிலேயே அச்சடிக்க வேண்டும். தேற்றங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை. இருபதை ஒப்பிப்பதைவிட ஐந்தைத் தானாகக் கண்டுபிடிப்பது மேல்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கேள்வி. இரண்டு முக்கோணங்களில் இரண்டு பக்கங்கள் சமம், பரப்பளவும் சமம். அவை சர்வசமமா? படம் போடாமல் மனதில் தோன்றும் பதிலை முதலில் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பிறகு 5 செ.மீ., 6 செ.மீ. பக்கங்களை எடுத்து, இடையிலுள்ள கோணத்தை ஒருமுறை 50 பாகையாகவும் ஒருமுறை 130 பாகையாகவும் வைத்து வரைந்து, இரண்டின் உயரத்தையும் அளந்து பாருங்கள். அளந்து முடித்ததும், ஏன் அப்படி வருகிறது என்று யாருக்காவது ஒரு முறை விளக்கிச் சொல்லுங்கள். நிரூபணம் என்பது அந்த விளக்கம்தான்.