வண்டி கண்டிஷன் சரி... டிரைவர் தூங்கினாரா?

குடும்பத்தோடு திருவண்ணாமலைக்கோ திருப்பதிக்கோ போக வாடகைக் கார் பேசுகிறோம். போனில் என்னென்ன கேட்போம்? "கிலோமீட்டருக்கு எவ்வளவு? ஏ.ஸி. உண்டா? டோல் யார் பொறுப்பு? பேட்டா எவ்வளவு?" எல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால், ஒரு சித்த வைத்தியனாகச் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டியதை விட்டுவிடுகிறோம். "வண்டி ஓட்டப் போகிற தம்பி நேற்று ராத்திரி தூங்கினாரா?"

எங்கள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இந்தக் கேள்விக்கு அவசியம் அதிகம். இங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகள். ராப்பகலாக ஷிப்ட் நடக்கிறது. ராத்திரி ஷிப்ட்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் டிரைவர்களில் சிலர், விடிந்ததும் கடைசி டிராப்பை முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராக ஒரு குடும்பத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள். வண்டி பளபளவென்று இருக்கும். அவர் கண்ணைப் பாருங்கள், சிவந்திருக்கும்!

கேட்டால், "பழகிப் போச்சு சார்... ஒரு டீ அடிச்சா சரியாயிடும்" என்பார். டீ தூக்கத்தைத் தள்ளிப் போடுமே தவிர, தூக்கம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது.

சித்த மருத்துவம், அடக்கக் கூடாத வேகங்கள் என்று 14-ஐச் சொல்கிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், கொட்டாவி, தூக்கம் எல்லாம் அதில் அடக்கம். நீண்ட டிரிப் போகும் டிரைவர் இந்த ஆறையும் ஒரே நாளில் அடக்குகிறார். மூலம், நீர்க்கடுப்பு, வாய்வு என்று என்னிடம் வருகிறவர்களில் டிரைவர் தம்பிகள் நிறைய. மற்றதை அடக்கினால் அவர் உடம்பு கெடும். தூக்கத்தை அடக்கினால் பின் சீட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

ஆங்கில மருத்துவமும் இதையேதான் சொல்கிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிதானத்துக்குச் சமம் என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம்தான். குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறுவீர்களா? மாட்டீர்கள். தூங்காதவர் வண்டியில் மட்டும் தயங்காமல் ஏறுகிறோம்.

டிரைவரை நான் குறை சொல்லவில்லை. ஒரு டிரிப்பை விட்டால் அவருக்கு ஒரு நாள் வருமானம் போச்சு. அவரை விரட்டுவது நாம்தான். ரூம் வாடகையை மிச்சம் பிடிக்க, நடுராத்திரி கிளம்பி, ஒரே நாளில் நாலு கோவில் பார்த்து, அன்று ராத்திரியே வீடு திரும்ப வேண்டும் என்கிறோம். நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. நம் டிரிப்பில் அது எங்கே இருக்கிறது?

அதனால், வண்டி பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். முந்தின ராத்திரி டியூட்டி இல்லாத டிரைவராக அனுப்பச் சொல்லுங்கள். ராத்திரி 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு தானாகத் தூக்கத்தைத் தேடும் நேரம். அந்த நேரத்தில் பயணம் வேண்டாம். இரண்டு மணிக்கொரு தரம் நிறுத்தி, நீங்கள் சாப்பிடும்போது அவரையும் சாப்பிடச் சொல்லுங்கள். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டால் கண் சொருகும். அரை மணி நேரம் படுக்க விடுங்கள். சளிக்கு மாத்திரையோ இருமல் மருந்தோ சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். பலவற்றில் தூக்கம் வரும். வெளியூரில் தங்கினால், அவர் கார் சீட்டிலேயே சுருண்டு கிடக்காமல், கால் நீட்டிப் படுக்க ஒரு இடம் இருக்கிறதா என்று லாட்ஜில் விசாரியுங்கள்.

நம்பர் பிளேட்டையும் பாருங்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நீங்களே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. "தெரிஞ்சவர் வண்டிதான், கொஞ்சம் கம்மியா வரும்" என்று வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும். சொந்த உபயோகத்துக்கான பாலிஸி, வாடகைக்கு ஓட்டுவதை ஏற்காது. நீங்களே ஓட்டுவதாக இருந்தால், தூங்கினாரா என்ற கேள்வி உங்களுக்கும்தான்!

இதற்கெல்லாம் ஒரு நாள் வாடகை கூடுதலாக ஆகலாம். டிரைவரின் தூக்கத்துக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டிலும் ஒரு குடும்பம் வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறது.