யாருடைய மானம்?

திருச்சி நெடுஞ்சாலையும் திருப்பூர்ச் சாலையும் கூடும் அவிநாசிபாளையம் வட்டாரத்தில், பனியன் தொழிலை நம்பி வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் வாழ்கின்றன. தாயும் தந்தையும் ஷிப்டுக்குச் சென்றபின், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு அடுத்த வீட்டாரின் நல்ல மனமே காவல். அக்காவலே பிள்ளையைச் சிதைக்கும்போது நடப்பதென்ன? பெரியவர்கள் கூடுகிறார்கள். "பெண் பிள்ளை, நாளைக்கு வாழ வேண்டியவள்" என்கிறார்கள். ஒரு தொகை கைமாறுகிறது. பிள்ளையின் குடும்பம் வீடு மாறிப் போகிறது. குற்றம் புரிந்தவனோ அதே லைனில் தங்கிவிடுகிறான். ஆண் பிள்ளையென்றால் பேச்சே எழுவதில்லை. இதற்குப் பெயர் மானம் காத்தலாம்!

யாருடைய மானம் என்று கேட்கிறோம். பிள்ளையின் மானத்தைக் காக்கச் சட்டமே வழி செய்திருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையிலுள்ள போக்சோ சட்டத்தின்படி, பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடலாகாது. பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் உதவி ஆய்வாளரே, சீருடையின்றி வந்து வாக்குமூலம் பெற வேண்டும். ஆகவே நம் மௌனம் மறைப்பது குற்றவாளியின் பெயரையே. அறிந்தும் அறிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறையுண்டு. சமாதானம் பேசும் அன்பியப் பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர்.

திருச்சபையின் கைகள் மட்டும் தூய்மையானவையா? அண்டையிலுள்ள உதகை மறைமாவட்டக் குரு ஒருவர் 2004 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திற்குப் பணிக்குச் சென்றார். அங்கே சிறுமியரிடம் தகாது நடந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, பின்னர் இந்தியாவிலிருந்து அந்நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டு, 2015 இல் ஒரு சிறுமி தொடர்பான குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே, உரோமையைக் கலந்த பின், அவருடைய இடைநீக்கம் விலக்கப்பட்டது. குருவுக்குக் கிடைத்த அந்த இரக்கத்தில் அச்சிறுமியின் பங்கு எது?

மன்னிப்பு கிறிஸ்தவனின் கடமை என்பார்கள். பெரியவர்கள் தமக்குள் முடித்துக்கொண்டு, பிள்ளையின் கையெழுத்தை மட்டும் கேட்பது மன்னிப்பாகாது. சிறியோருக்கு இடறலாக இருப்போரைப் பற்றிப் பேசியபோது ஆண்டவர் எந்திரக் கல்லையன்றோ நினைவூட்டினார்! ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரையை நாம் தொடவில்லை. பங்கு அலுவலகத்திலும் வீட்டுத் திண்ணையிலும் காதில் விழுந்தவற்றுக்கு அம்முத்திரை கிடையாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019 இல் வெளியிட்டு 2023 இல் திருத்திய சட்டம், எவரும் எளிதில் அணுகி முறையிடும் அமைப்பை ஒவ்வொரு மறைமாவட்டத்திடமும் கேட்கிறது. முறையிட்டவரைப் பழிவாங்குவதைத் தடுக்கிறது. பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவ, மனநல உதவியையும் கட்டளையிடுகிறது. அந்த அமைப்பை அணுகும் வழி எத்தனை ஆலயங்களின் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது? திருவிழா நன்கொடையாளர் பட்டியலுக்கு இடமிருக்கும் பலகையில், 1098 என்னும் குழந்தை உதவி எண்ணுக்கு ஒரு வரி இல்லாமற் போகுமா?

புகாரோடு கடமை தீர்வதுமில்லை. விசாரணையிலும் வழக்கிலும் பிள்ளையோடு உடன் நிற்க, குழந்தைகள் நலக் குழு ஓர் ஆதரவாளரை அளிக்க 2020 ஆம் ஆண்டு விதிகள் இடந்தருகின்றன. ஆனால் தாய் நீதிமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு நாளும் அவளுடைய பீஸ் ரேட் கூலி போகிறது. நான்கு வாய்தாவில் குடும்பம் தளர்ந்துவிடும், சமாதானம் பேச வந்தவர் மீண்டும் வாசலில் நிற்பார். வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழை வீடுகளுக்கு அரிசி கொடுப்பதுபோல, அந்நாட்களின் கூலியையும் கொடுக்கட்டும்.